மார்ஃபோலினோவில் இதயப்பை வீங்குகிறது, ம்யூட்டன்டில் ஒன்றுமே இல்லை: ஸீப்ரா மீனில் எதை நம்புவது?

செதில்24 (கேள்வி)

வணக்கம். ஸீப்ரா மீன் கருவில் இதயம் உருவாகும் காலத்தில் வெளிப்படும் ஒரு மரபணு. அதை மூன்று வழிகளில் செயலிழக்கச் செய்தால் மூன்று விடைகள் வருகின்றன.

மார்ஃபோலினோ (எம்.ஆர்.என்.ஏ-வில் ஒட்டிக்கொண்டு, அது புரதமாக மொழிபெயர்வதைத் தடுக்கும் செயற்கைத் துண்டு), கருவுக்கு 4 நானோகிராம்: 48 மணி நேரக் கருவில் இதயப்பை நீர் கோத்து வீங்குகிறது, ரத்த ஓட்டம் மந்தம்.

டி.என்.ஏ-வை வெட்டும் கிரிஸ்பர் முறையில் எடுத்த, மாற்றம் தலைமுறைதோறும் தொடரும் நிலையான ம்யூட்டன்ட்: இரண்டாம் எக்ஸானில் (புரதக் குறிப்பு உள்ள மரபணுத் துண்டு) 7 எழுத்துகள் போய், மும்மூன்றாகப் படிக்கும் சட்டகம் நகர்ந்து, சற்றுத் தள்ளி, புரதத்தை நிறுத்தும் ஸ்டாப் கோடான் விழுகிறது. ஹெட்டிரோசைகஸ் (ஒரு பிரதி மட்டும் கெட்ட) ஜோடியில் கால் பங்கு ஹோமோசைகஸ் (இரண்டு பிரதியும் கெட்டவை) ஒழுங்காகக் கிடைக்கிறது. அவற்றின் இதயம் உடன்பிறப்புகளின் இதயத்தைப் போலத்தான் இருக்கிறது. வளர்ந்து முட்டையும் இடுகின்றன.

வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் கைடு ஆர்.என்.ஏ மூன்றைச் சேர்த்து ஊசி போட்ட முதல் தலைமுறைக் கருக்கள், அதாவது கிரிஸ்பன்ட்கள்: சிலவற்றில் வீக்கம் உண்டு, பலவற்றில் இல்லை.

இதை "மரபணு ஈடுசெய்தல்" (கெட்ட மரபணுவின் வேலையை வேறு மரபணுக்கள் ஏற்பது) என்று எழுதலாமா, அல்லது மார்ஃபோலினோ முடிவையே விட்டுவிட வேண்டுமா? தொட்டி இடம் குறைவு, மார்ஃபோலினோவும் அளவாகத்தான் இருக்கிறது. எதை முதலில் சோதித்தால் விடை சீக்கிரம் கிடைக்கும்?

---

நீந்துகரு

ஈடுசெய்தல் என்ற விளக்கத்துக்குக் கடைசியாகத்தான் போக வேண்டும். அதற்கு முன் மூன்று எளிய காரணங்களைக் கழித்தாக வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2015-இல் நேதன் லாசன் குழு வெளியிட்ட ஒப்பீட்டில், ஏற்கெனவே பதிவான மார்ஃபோலினோ விளைவுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் ம்யூட்டன்டில் தென்படவில்லை. அதே ஆண்டில் ஸ்டேனியர் குழு ஈஜிஎஃப்எல்7 மரபணுவில் ஈடுசெய்தலை நிரூபித்தது. இரண்டும் உண்மை. உங்கள் மரபணு எந்தப் பக்கம் என்பது சோதனையில்தான் தெரியும்.

முதல் சந்தேகம் மார்ஃபோலினோவின் நச்சு. இதயப்பை வீக்கத்தை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஊசி மோசமாகப் பட்டாலும், கரு பின்தங்கினாலும், செல் சாவைக் கொண்டுவரும் பி53 புரதம் தூண்டப்பட்டாலும், நீர்ச் சமநிலை கெட்டாலும் 48 மணியில் தெரிவது இதே வீக்கம்தான். எனவே 24 மணியிலேயே தலையைப் பாருங்கள். மூளைப் பகுதி கண்ணாடி போலத் தெளிவாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் செல்கள் சாகின்றன என்று பொருள். பி53-இன் குட்டை வடிவமான டெல்டா113-ஐ க்யூபிசிஆரில் (ஆர்.என்.ஏ அளவைக் கணக்கிடும் முறை) அளந்தால் இது எண்ணாகவே தெரிந்துவிடும். பி53 மார்ஃபோலினோவைச் சேர்த்துப் போட்டு வீக்கம் குறைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அது செல் சாவை மறைக்குமே தவிர, மீதி விளைவு உங்கள் மரபணுவால் வந்ததுதான் என்று காட்டாது.

அளவுக்கு வருவோம். 0.5, 1, 2, 4 நானோகிராம் என்று நான்கு படியில் போடுங்கள். விளைவு படிப்படியாக ஏறினால் நம்பிக்கை கூடும். 4-இல் மட்டும் சட்டென்று வந்தால் சந்தேகம் கூடும். "4 நானோகிராம்" என்பது உண்மையிலேயே 4 தானா என்பதும் கேள்வி. மினரல் எண்ணெயில் விட்ட துளியின் விட்டம் 125 மைக்ரோமீட்டர் இருந்தால் கன அளவு ஏறக்குறைய 1 நானோலிட்டர். 100 மைக்ரோமீட்டர் என்றால் அதில் பாதிதான். விட்டத்தில் 10 சதவீதம் பிசகினால் அளவில் 33 சதவீதம் பிசகும். ஊசியை மாற்றும் ஒவ்வொரு முறையும், முனை உடைந்த ஒவ்வொரு முறையும் மறுபடி அளக்க வேண்டும். மூலக் கரைசலை அறை வெப்பத்தில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒரு பகுதி கரைசலிலிருந்து பிரிந்து நிற்கும். பயன்படுத்துமுன் 65 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் சூடாக்கினால் செறிவு சீராகும்.

வளர்ச்சி பின்தங்குவதையும் கணக்கில் எடுங்கள். ஊசி பட்ட கருக்கள் ஓரிரு மணி நேரம் பிந்துவது சாதாரணம். "48 மணி" என்று கடிகாரத்தை வைத்து ஒப்பிடாமல், 24 மணிக்கு முன் சோமைட் (உடற்கண்டம்) எண்ணிக்கையையும் பிறகு தலைக்கும் உடலுக்கும் உள்ள கோணத்தையும் வைத்துச் சம நிலையிலுள்ள கருக்களை ஒப்பிடுங்கள். கிம்மல் குழுவின் 1995 நிலை அட்டவணை 28.5 டிகிரிக்கானது. இன்குபேட்டர் 27-இல் நின்றால் அட்டவணை பொருந்தாது.

இரண்டாவது சந்தேகம், உங்கள் ம்யூட்டன்ட் முழு 'நல்' அல்லீலே (முற்றிலும் செயலிழந்த மரபணு வடிவம்) அல்ல என்பது. 7 எழுத்துகள் போனால் சட்டகம் நகரும், சரி. ஆனால் செல் அந்த எக்ஸானையே தாண்டி மற்ற எக்ஸான்களை ஒட்டலாம் (ஸ்ப்ளைஸிங்). இரண்டாம் எக்ஸானின் நீளம் மூன்றால் மீதியின்றி வகுபடுகிறதா என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். வகுபட்டால், அதைத் தாண்டிய எம்.ஆர்.என்.ஏ-வில் சட்டகம் அப்படியே தொடரும், ஓரளவு வேலை செய்யும் புரதமும் வரக்கூடும். பின்னால் இருக்கும் இன்னொரு ஏ.டி.ஜி தொடக்கக் குறியிலிருந்து மொழிபெயர்ப்பு தொடங்குவதும் உண்டு. கிரிஸ்பர் வரிசைகளிலும் வேதிப்பொருளால் எடுத்த பழைய வரிசைகளிலும் இப்படி எதிர்பாராத எம்.ஆர்.என்.ஏ-க்கள் உருவாகிச் சிதைவுக்குத் தப்புவதை 2017-இல் ஒரு விரிவான ஆய்வு காட்டியது. செய்ய வேண்டியது: ஹோமோசைகஸ் கருக்களின் ஆர்.என்.ஏ-வில் முதல் எக்ஸானிலிருந்து ஐந்தாம் எக்ஸான் வரை ஆர்டி-பிசிஆர் (ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக்கிப் பெருக்குவது). ஜெல்லில் தெரியும் ஒவ்வொரு பட்டையையும், மங்கலானதையும் விடாமல், வெட்டி எடுத்து வரிசைப்படுத்துங்கள். மரபு டி.என்.ஏ-வில் 7 எழுத்து போனதைக் காட்டினால் மட்டும் போதாது.

மூன்றாவது, தாய் கொடுத்த எம்.ஆர்.என்.ஏ. கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் விழிப்பது கருவுற்று ஏறக்குறைய 3 மணி நேரத்தில். அதுவரை ஓடுவது தாயின் சரக்கு. ஹெட்டிரோசைகஸ் தாய் முட்டையில் நல்ல எம்.ஆர்.என்.ஏ-வை வைத்திருப்பாள். மொழிபெயர்ப்பைத் தடுக்கும் மார்ஃபோலினோ அதையும் சேர்த்துத் தடுக்கும். ம்யூட்டன்டில் அது மிச்சமிருக்கும். இரண்டு விடைகளும் வேறுபட இதுவே போதும். உங்களுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது: ஹோமோசைகஸ் பெண் மீன் உயிரோடு இருந்து முட்டையிடுகிறது. அதை ஹெட்டிரோசைகஸ் ஆணுடன் விடுங்கள். ஒரே முட்டைத்தொகுதியில் பாதி தாய்வழியிலும் கருவழியிலும் மரபணு இல்லாதவை, பாதி ஹெட்டிரோசைகஸ். புதுத் தொட்டியே தேவையில்லை.

இந்த மூன்றும் தெளிந்த பிறகு, தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்றே ஒன்று: மேலே சொன்ன முட்டைத்தொகுதியில் அதே மார்ஃபோலினோவைப் போடுவது. மரபு வகை தெரியாமல் விளைவைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு கருவையும் மரபு வகைப்படுத்த வேண்டும். ஹோமோசைகஸ் கருக்களும் ஹெட்டிரோசைகஸ் கருக்களும் ஒரே அளவில் வீங்கினால் அந்த வீக்கத்துக்கும் உங்கள் மரபணுவுக்கும் தொடர்பில்லை, ஏனென்றால் ஹோமோசைகஸில் தடுக்க எதுவும் இல்லை. ஹோமோசைகஸ் கருக்கள் மட்டும் தப்பினால், மார்ஃபோலினோ குறி தவறவில்லை, ம்யூட்டன்ட் வேறு வழியில் சமாளிக்கிறது என்று பொருள். ஈஜிஎஃப்எல்7-இல் பார்த்தது இதைத்தான்: ம்யூட்டன்ட்கள் மார்ஃபோலினோவுக்கு அசைந்து கொடுக்கவில்லை, அவற்றில் எமிலின் குடும்ப மரபணுக்கள் உயர்ந்திருந்தன.

வரிசையை மாற்றிச் செய்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். தாய்வழி எம்.ஆர்.என்.ஏ உள்ள கருவிலோ, எக்ஸான் தாண்டிய அரைகுறைப் புரதம் உள்ள கருவிலோ போட்டால், மார்ஃபோலினோ அந்த மிச்சத்தையும் அடைத்து வீக்கத்தைக் கொண்டுவரும். நல்ல மார்ஃபோலினோவை நச்சு என்று எழுதிவிடுவீர்கள். ஆர்டி-பிசிஆர் முதலில், ஊசி பிறகு.

---

ஊசிமுனை

நீந்துகரு சொன்னதோடு உடன்படுகிறேன். கிரிஸ்பன்ட் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் "சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை" என்பது பெரும்பாலும் கைவினைக் குறைதான்.

மூன்று கைடு ஏன் என்பதைக் கணக்காகப் பாருங்கள். ஓர் இடத்தில் வெட்டு விழுந்து ஒட்டும்போது சட்டகம் நகர வாய்ப்பு மூன்றில் இரண்டு. கருவில் இரண்டு அல்லீலும் கெட வேண்டும். ஒரு கைடு நூறு சதவீதம் வெட்டினாலும் 44 சதவீதச் செல்களில்தான் இரண்டும் கெடும். மூன்று கைடும் வெட்டினால் ஒரு அல்லீல் கெட 96 சதவீதம், இரண்டும் கெட 93 சதவீதம். லண்டன் யூ.சி.எல்-இல் ரிஹெல் குழு 2021-இல் இந்தக் கணக்கைச் சோதனையிலும் காட்டியது. ஆனால் கணக்கு முழுதும் "மூன்றும் வெட்டினால்" என்பதில் நிற்கிறது. ஒரு கைடு சரியாக வெட்டாவிட்டால் 79 சதவீதத்துக்கு இறங்கும், இரண்டு வெட்டாவிட்டால் மறுபடி 44. உங்கள் முடிவு அப்படித்தான் தெரிகிறது. ஒவ்வொரு கைடையும் தனியாக ஊசி போட்டு, 24 மணியில் எட்டுப் பத்துக் கருக்களின் டி.என்.ஏ-வை ஆழமாக வரிசைப்படுத்துங்கள். குறைந்தபட்சம் சேங்கர் வரிசையைப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருளிலாவது போடுங்கள். கைடின் இடத்தில் உங்கள் மீன்களுக்கு ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வெட்டு சரியும். குறிப்பு ஜீனோமை நம்பாமல் சொந்த மீனின் டி.என்.ஏ-வைப் படித்துவிட்டுக் கைடு தேர்ந்தெடுங்கள்.

கலவை: கைடின் இரு பகுதிகளான செயற்கை சிஆர்ஆர்.என்.ஏ-வையும் ட்ரேசர் ஆர்.என்.ஏ-வையும் சம மோலில் 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து ஐஸில் குளிரவிடுங்கள். டி.என்.ஏ-வை வெட்டும் காஸ்9 புரதத்தைச் சம மோலில் சேர்த்து 37 டிகிரியில் 5 நிமிடம். மூன்றையும் தனித்தனியாகக் கட்டிய பிறகுதான் ஒன்றாகக் கலக்க வேண்டும். முதலிலேயே மூன்று கைடையும் ஒரே குழாயில் போட்டுக் காஸ்9 ஊற்றினால், எது எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் போகும். ஊசியில் மொத்தச் செறிவு 28.5 மைக்ரோமோலார், கருவுக்கு 1 நானோலிட்டர். அதாவது காஸ்9 ஏறக்குறைய 4700 பிகோகிராம், கைடு மொத்தம் 1000 பிகோகிராம். மூன்று கைடு என்பதால் மூன்று மடங்கு போடுவதில்லை, மொத்தத்தைத்தான் மூன்றாகப் பிரிக்கிறோம்.

ஊசி அடிக்கடி அடைத்தால் பெரும்பாலும் காரணம் உப்புக் குறைவு. உப்பு குறைந்தால் காஸ்9-கைடு கூட்டு திரண்டு படிகிறது. 2016-இல் புர்கர் முதலானோர் பொட்டாசியம் குளோரைடை 300 மில்லிமோலார் அளவில் வைத்து இதைத் தீர்த்தார்கள். வெறும் தண்ணீரில் நீர்த்தால் கலங்கலாவது கண்ணுக்கே தெரியும். கலங்கிய கலவையை ஊசியில் ஏற்றாதீர்கள், அதில் மேலே தெளிவாக நிற்பதில் காஸ்9 குறைவு.

நேரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். 28.5 டிகிரியில் முதல் பிளவு 45 நிமிடத்தில். செல் மேலெழுந்து உப்புவதற்கு முன்பே மஞ்சள் கருவுக்குள் போட்டு முடிக்க வேண்டும். முட்டையிட்டு 20 நிமிடத்துக்குள் ஊசி மேடைக்கு வராத தொகுதியை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். ஆண் பெண் இடையே தடுப்பு வைத்து, காலையில் ஒவ்வொரு ஜோடியாக எடுத்தால் இது கைகூடும். எல்லா ஜோடிகளின் தடுப்பையும் ஒன்றாக எடுத்தால் கடைசித் தொகுதி எப்போதும் தாமதமாகும், அந்தத் தாமதம் கலப்புச் செல் கருக்களாக வெளிப்படும்.

ஒப்பீட்டுக்கான கட்டுப்பாடு (கன்ட்ரோல்) பற்றி ஒன்று. வெறும் காஸ்9 மட்டும் போட்ட கருவைக் கட்டுப்பாடு என்று காட்டுவது போதாது. இரட்டை இழை வெட்டுகளே பி53-ஐத் தூண்டக்கூடும், ஆகவே கட்டுப்பாட்டுக் கருவிலும் அதே எண்ணிக்கை வெட்டுகள் விழ வேண்டும். இதயத்தைப் பார்க்கும் உங்களுக்கு நிறமி உருவாக்கத் தேவையான டைரோசினேஸ் மரபணுவுக்கு மூன்று கைடு போடுவது மிகப் பொருத்தம். வேலை செய்தால் 48 மணியில் உடலும் கண்ணும் நிறமற்று இருக்கும். ஊசித் திறனையும் அங்கேயே பார்க்கலாம், நிறம் இல்லாததால் இதயமும் தெளிவாகத் தெரியும். கண்ணில் கறுப்புத் திட்டுகள் மிஞ்சினால் அன்றைய ஊசி முழுக்கச் சந்தேகத்துக்குரியது. டைரோசினேஸ் கருக்களிலும் இதயப்பை வீங்கினால் உங்கள் மரபணுவின் வீக்கத்துக்கு மதிப்பில்லை.

கடைசியாக, கிரிஸ்பன்ட் ஈடுசெய்தலைத் தவிர்த்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். முழுக்க அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. 2020-இல் எஸ்எல்சி25ஏ46 மரபணுவில் நிலையான ம்யூட்டன்ட் நன்றாக இருந்தது, முதல் தலைமுறைக் கருக்களில் விளைவு தெரிந்தது என்பது உண்மைதான். ஆனால் கிரிஸ்பன்ட் செல்களிலும் ஸ்டாப் கோடான் கொண்ட எம்.ஆர்.என்.ஏ உருவாகிச் சிதையும், அங்கேயும் ஈடுசெய்தல் கிளம்ப இடமுண்டு. காஸ்9 வெட்டுவது டி.என்.ஏ-வைத்தான் என்பதால் தாய் வைத்த எம்.ஆர்.என்.ஏ அப்படியே இருக்கும். அதைத் தொட வேண்டுமானால் ஆர்.என்.ஏ-வையே வெட்டும் காஸ்13டி இருக்கிறது. 2020-இல் அது ஸீப்ரா மீன் கருவில் தாய்வழி எம்.ஆர்.என்.ஏ-க்களைக் குறைப்பது காட்டப்பட்டது.

---

செதில்24

இருவருக்கும் நன்றி. இரண்டாம் எக்ஸான் 126 எழுத்து, மூன்றால் வகுபடுகிறது. ஆகவே ஆர்டி-பிசிஆர்தான் முதல் வேலை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஆர்டி-பிசிஆரில் எக்ஸான் தாண்டல் இல்லை, ஹோமோசைகஸ் கருக்கள் மார்ஃபோலினோவுக்குத் தப்புகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது ஈடுசெய்தல்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது? மேலும், 7 எழுத்து வித்தியாசத்தை ஊசி போட்ட 96 கருவிலும் சிக்கனமாக மரபு வகைப்படுத்த வழி என்ன?

---

முதல்_எக்ஸான்

மரபு வகைப்படுத்தலை முதலில் முடித்துவிடுகிறேன். ஒவ்வொரு கருவையும் 50 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மைக்ரோலிட்டரில் 95 டிகிரியில் 10 முதல் 20 நிமிடம் வைத்து, ஐஸில் குளிர்த்தி, 1 மோலார் ட்ரிஸ் பிஎச் 8 பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் பிசிஆருக்குப் போதிய டி.என்.ஏ கிடைக்கும். 1 மைக்ரோலிட்டருக்கு மேல் பிசிஆரில் ஊற்றினால் எதிர்வினை அடங்கிப்போகும். டி.என்.ஏ இழைகள் பிரியும் வெப்பத்தை ஒப்பிடும் உருகு வளைவு முறையில் பார்ப்பதாக இருந்தால் 80 முதல் 120 எழுத்துத் துண்டு வையுங்கள். அதில் ஹெட்டிரோசைகஸ் தெளிவாகப் பிரியும், ஆனால் ஹோமோசைகஸ் ம்யூட்டன்டும் வைல்ட் டைப்பும் (மாற்றமில்லாதவை) சில சமயம் ஒன்றின் மேல் ஒன்று விழும். சந்தேகமான மாதிரியில் தெரிந்த வைல்ட் டைப் டி.என்.ஏ-வைக் கலந்து மறுபடி ஓட்டுங்கள். ம்யூட்டன்ட் என்றால் வளைவு ஹெட்டிரோசைகஸ் போல மாறும், வைல்ட் டைப் என்றால் மாறாது. நீந்துகரு சொன்ன கலப்பில் வைல்ட் டைப்பே பிறக்காது என்பதால் இந்தக் குழப்பம் அங்கே இல்லை, ஹெட்டிரோசைகஸா இல்லையா என்று பார்த்தால் போதும். ஒரு தொகுதிக்கு 96 கரு எடுத்தால் ஒவ்வொரு வகையிலும் 48 அருகே வரும். ஹெட்டிரோசைகஸ் ஜோடியில் எடுத்திருந்தால் ஹோமோசைகஸ் 24 தான் வரும்.

இனி பெரிய கேள்வி. ஈடுசெய்தல் என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, புரதம் இல்லாததை உணர்ந்து செல் வேறு பாதையைத் தூண்டுவது. மற்றொன்று, கெட்ட எம்.ஆர்.என்.ஏ சிதைவதே வரிசையில் ஒத்த மரபணுக்களைத் தூண்டுவது. 2019 ஏப்ரலில் ஒரே சமயத்தில் வந்த இரண்டு ஆய்வுகள், ஸ்டேனியர் குழுவினுடையதும் சீனாவிலிருந்து வந்ததும், பேசியது இரண்டாவதைப் பற்றி. முதல் குழு எம்.ஆர்.என்.ஏ சிதைவுதான் தூண்டுதல் என்றது: சிதைவுக்குத் தேவையான யூபிஎஃப்1 புரதம் இல்லாவிட்டால் தூண்டல் நின்றது. தொப்பி இல்லாத, விரைவில் சிதையும் ஆர்.என்.ஏ-வை வெளியிலிருந்து கொடுத்தாலே ஒத்த மரபணுக்கள் உயர்ந்தன. சீனக் குழு கேப்என்3ஏ மரபணுவில் யூபிஎஃப்3ஏ புரதமும் காம்பஸ் என்ற புரதக் கூட்டும் தேவை என்று காட்டியது. நுணுக்கத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சோதனை மேசைக்கு வரும்போது பாடம் ஒன்றுதான்: கெட்ட எம்.ஆர்.என்.ஏ உருவானால்தான் இது நடக்கும்.

ஆகவே எம்.ஆர்.என்.ஏ-வே உருவாகாத அல்லீல் ஒன்று வேண்டும். ப்ரொமோட்டரை (மரபணுவை இயக்கிவைக்கும் பகுதி) நீக்குங்கள். அந்த அல்லீலில் வீக்கம் வந்து, 7 எழுத்து அல்லீலில் வரவில்லை என்றால் விவாதம் முடிந்தது. இரண்டிலும் வரவில்லை என்றால் அந்த மரபணு இதயத்துக்குத் தேவையில்லை என்று எழுதுவதே நேர்மை. அதுவும் பதிப்பிக்க வேண்டிய முடிவுதான். நீந்துகரு தீர்ப்புச் சோதனை ஒன்றே என்றார். அங்கே எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. மார்ஃபோலினோ எதிர்ப்பு வலுவான சாட்சி, ஆனால் ஆர்.என்.ஏ இல்லாத அல்லீல் அதைவிட வலுவானது, ஏனென்றால் அதில் வேதிப்பொருளே சம்பந்தப்படவில்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை. ஆர்.என்.ஏ எழுதப்படத் தொடங்கும் இடத்தை ஜீனோம் உலாவியில் வரைந்திருக்கும் கோட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டேனியோ-கோட் கூட்டமைப்பு 2022-இல் வெளியிட்ட வளர்ச்சி நிலை வாரியான தரவில் தொடக்க இடங்களைப் பார்க்கலாம். இதயம் உருவாகும் நேரத்தில் வேறொரு தொடக்கம் இயங்கினால், முதலாவதை மட்டும் நீக்குவதில் பயனில்லை. மேலே சில நூறு எழுத்து, கீழே முதல் இன்ட்ரானின் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதி) ஆரம்பம் வரை நீக்குங்கள். முதல் இன்ட்ரானை முழுவதும் எடுக்க வேண்டாம், பக்கத்து மரபணுவின் என்ஹான்ஸர் (செயலைக் கூட்டும் பகுதி) அங்கே உட்கார்ந்திருப்பது உண்டு. எதிர்த்திசையில் ஓடும் மரபணு அதே ப்ரொமோட்டரைப் பகிர்ந்தால் இந்த வழி சரிப்படாது, அப்போது மரபணு முழுவதையும் நீக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். எப்படியானாலும் இருபுறமும் உள்ள மரபணுக்களைக் க்யூபிசிஆரில் அளந்து, அவை மாறவில்லை என்று காட்டுங்கள்.

ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கைடு. ஊசி போட்ட கருக்களில் எட்டை எடுத்து, வெளிப்புற ப்ரைமர்களால் பிசிஆர் செய்து குட்டைப் பட்டை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை வளர்க்க வேண்டும். தொட்டி இடம் இதில்தான் மிச்சமாகும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் முதிர்ந்ததும் வைல்ட் டைப்புடன் கூட்டி, 24 மணிக் கருக்களில் நீக்கத்தைத் தேடுங்கள். இரண்டு வெட்டுக்கு நடுவே உள்ள துண்டு தலைகீழாக ஒட்டிக்கொள்வதும் நடக்கும், எனவே இணைப்பு இடத்தைக் கட்டாயம் வரிசைப்படுத்துங்கள். ஊசி போட்ட வெவ்வேறு மீன்களிலிருந்து இரண்டு தனி அல்லீல்களாவது வைத்திருங்கள். கடைசி எக்ஸான்களில் ப்ரைமர் வைத்து ஆர்.என்.ஏ அளவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று காட்டிய பிறகுதான் அதை ஆர்.என்.ஏ இல்லாத அல்லீல் என்று அழைக்கலாம்.

ஒரு பொறி இருக்கிறது. வெளிப்புற ப்ரைமர்களை மட்டும் வைத்தால் பிசிஆர் குட்டைத் துண்டையே விரும்பிப் பெருக்கும், நீளமான வைல்ட் டைப் பட்டை காணாமல் போகும், ஹெட்டிரோசைகஸ் மீன் ஹோமோசைகஸாகத் தெரியும். அப்படித் தவறாகக் குறித்த கருக்களில் விளைவு இல்லை என்பதை வைத்து முடிவெழுதினால் எல்லாமே வீண். நீக்கிய பகுதிக்குள்ளே மூன்றாவது ப்ரைமர் ஒன்றை வைத்து, வைல்ட் டைப்புக்கும் அதே அளவு குட்டையான பட்டை கிடைக்கும்படி செய்யுங்கள்.

புது வரிசைக்குக் காத்திருக்கும் காலத்தில், இருக்கும் ம்யூட்டன்டிலேயே அளவிடக்கூடியவை உண்டு. உங்கள் மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ வரிசையோடு ஒத்த மரபணுக்களைத் தேடிப் பட்டியல் எடுங்கள். மீன்களில் மரபுத்தொகை முழுதும் ஒரு முறை கூடுதலாக இரட்டித்திருப்பதால் "பி" என்று முடியும் இணை மரபணு இருந்தால் அதுதான் முதல் சந்தேகம். வைல்ட் டைப், ஹெட்டிரோசைகஸ், ஹோமோசைகஸ் மூன்றிலும் அளங்கள். ஹெட்டிரோசைகஸிலும் அது உயர்ந்திருந்தால் முக்கியமான தடயம், ஏனென்றால் அங்கே புரதக் குறைவால் எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் கெட்ட எம்.ஆர்.என்.ஏ உருவாகிறது. இன்ட்ரானில் ப்ரைமர் வைத்து முன்-எம்.ஆர்.என்.ஏ-வையும் அளந்தால், ஆர்.என்.ஏ எழுதப்படுவதே கூடியிருக்கிறதா, எம்.ஆர்.என்.ஏ நீடிப்பது கூடியிருக்கிறதா என்று பிரியும். இதற்கு வால் நுனியை வெட்டி மரபு வகைப்படுத்தி, மீதி உடலை ஆர்.என்.ஏ காப்புக் கரைசலில் வைக்க வேண்டும். எந்த வால் எந்த உடல் என்று மாறாமலிருக்க 96 குழித் தட்டில் அதே இடத்திலேயே வையுங்கள்.

உயர்வைப் பார்ப்பதோடு நிறுத்தினால் தொடர்பு மட்டும்தான் கிடைக்கும். அந்த இணை மரபணுவுக்கு ஊசிமுனை சொன்ன மூன்று கைடு கலவையைச் செய்து, ஹோமோசைகஸ் ம்யூட்டன்ட் கருக்களில் போடுங்கள். வைல்ட் டைப்பில் ஒன்றும் நடக்காமல், ம்யூட்டன்டில் மட்டும் வீக்கம் திரும்பினால், வேலையை ஏற்றுச் செய்வது அதுதான்.

---

புழுவும்_தவளையும்

மற்ற மாதிரி உயிரிகளில் வேலை செய்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் ஒரு சேர்க்கை. இந்தச் சிக்கல் ஸீப்ரா மீனோடு நிற்கவில்லை. சி. எலிகன்ஸ் புழுவில் ஏசிடி-5, யூஎன்சி-89 மரபணுக்களில் இதே வகைத் தூண்டல் 2020-இல் காட்டப்பட்டது. அங்கே ஆர்கோனாட் புரதங்களும் டைசரும் தேவைப்பட்டன. அதாவது புழுவில் சிறு ஆர்.என்.ஏ பாதை இதில் சம்பந்தப்படுகிறது. மீனில் பார்த்ததை அப்படியே புழுவுக்கும், புழுவில் பார்த்ததை மீனுக்கும் ஏற்றிச் சொல்ல வேண்டாம்.

தவளையில், குறிப்பாக ஸெனோபஸ் ட்ராபிகாலிஸில், மார்ஃபோலினோ உள்ளார்ந்த நோயெதிர்ப்பு மரபணுக்களைத் தூண்டுவதும், வேறு மரபணுக்களில் தவறான ஸ்ப்ளைஸிங் உண்டாக்குவதும் 2018-இல் விரிவாகப் பதிவானது. கருவை வளர்க்கும் வெப்பத்தைக் கூட்டினால் அந்த எதிர்வினை குறைந்தது. மார்ஃபோலினோ போட்ட கருக்களில் ஆர்.என்.ஏ வரிசைப்படுத்தல் செய்து "இந்த மரபணு நோயெதிர்ப்பையும் கட்டுப்படுத்துகிறது" என்று எழுதுவதற்கு முன், அதே பட்டியல் தொடர்பில்லாத மார்ஃபோலினோ போட்ட கருக்களிலும் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். செதில்24, உங்களிடம் ஏற்கெனவே 4 நானோகிராம் கருக்களின் ஆர்.என்.ஏ தரவு இருந்தால் அதை ஈடுசெய்தல் தேடப் பயன்படுத்தாதீர்கள். ம்யூட்டன்டின் தரவில்தான் தேட வேண்டும்.

---

செதில்24

அப்படித் தரவு இருக்கிறது, அதை ஒதுக்கிவைக்கிறேன். ஒரு கடைசிக் கேள்வி: மார்ஃபோலினோ விளைவை மீட்க எம்.ஆர்.என்.ஏ சேர்த்துப் போடும் சோதனை இப்போது தேவையா?

---

நீந்துகரு

ஹோமோசைகஸ் கருக்கள் மார்ஃபோலினோவுக்குத் தப்புகின்றன என்று தெரிந்துவிட்டால் அதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. செய்வதானால் மார்ஃபோலினோ ஒட்டும் இடம் மாற்றப்பட்ட எம்.ஆர்.என்.ஏ-வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசிக்குள்ளேயே இரண்டும் ஒட்டிக்கொண்டு மார்ஃபோலினோவின் செறிவு குறையும், வீக்கம் குறைவதை மீட்பு என்று எடுத்துக்கொள்வீர்கள். 25, 50, 100 பிகோகிராமில் அந்த எம்.ஆர்.என்.ஏ-வைத் தனியாகவும் போட்டுப் பாருங்கள். ஒரு செல் நிலையில் போடும் எம்.ஆர்.என்.ஏ உடல் முழுவதும் போகும், கேஸ்ட்ருலேஷனையே (கரு அடுக்குகள் உருவாகும் நிலை) குழப்பக்கூடும்; 48 மணிக்குள் பெருமளவு கரைந்தும் போய்விடும். இதயத்தில் மட்டும் வேண்டுமானால் இதயத்தசை ப்ரொமோட்டரான எம்ஒய்எல்7-க்குக் கீழே மரபணுவை வைத்து டால்2 என்ற தாவும் மரபணுத் துண்டு மூலம் ம்யூட்டன்டிலேயே நுழைப்பது சரியான வழி. அது ப்ரொமோட்டர் நீக்கிய வரிசையில் விளைவு வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. விளைவே வராவிட்டால் மீட்க எதுவும் இருக்காது.